கொட்டேஷனில் அடித்து எழுதிய ஒரு வரி: பட்ஜெட் கேமிங் கணினிக்கு எந்தச் சிப்செட்?

அக்கா மகன் சென்ற மாதம் ஒரு கொட்டேஷன் தாளைப் படம் பிடித்து அனுப்பினான். ரிச்சி தெருவில் ஒரு கடையில் போட்டுக் கொடுத்தது. ரைசன் 5 5600 ப்ராசஸர், ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ராம், எஸ்எஸ்டி, கேபினட், எஸ்எம்பிஎஸ் என்று வரிசையாக அச்சாகியிருந்தது. மதர்போர்டு வரியில் மட்டும் பி550 என்ற சிப்செட் பெயரைப் பேனாவால் அடித்து, பக்கத்தில் ஏ520 என்று எழுதியிருந்தார்கள். மொத்தம் அறுபதாயிரத்தைத் தாண்டிவிட்டதால் கடைக்காரர் செய்துகொடுத்த சலுகை அது. படத்துக்குக் கீழே அவன் கேள்வி: “கேமில் ஒரு வித்தியாசமும் தெரியாது என்கிறார். நிஜமா மாமா?”

பாதி நிஜம். எந்தப் பாதி என்பதுதான் சிக்கல்.

பட்ஜெட் இடிக்கும்போது கத்தி முதலில் விழும் இடம் மதர்போர்டுதான். கிராபிக்ஸ் கார்டில் கை வைத்தால் வாங்குகிறவர் முகம் சுருங்கும். ப்ராசஸரைக் குறைத்தால் நண்பர்களிடம் சொல்லிக்கொள்ள முடியாது. கண்ணாடிக் கேபினட்டையும் வண்ண விளக்குகளையும் விட மனம் வராது. போர்டு என்ன போர்டு என்று யாரும் கேட்கப்போவதில்லை. ஆகவே பி என்று தொடங்கும் சிப்செட்டிலிருந்து அதைவிட மலிவான ஏக்கோ (ஏஎம்டி) எச்சுக்கோ (இன்டெல்) இறங்குவது எளிது, பெரும்பாலும் தவறும் இல்லை. ஆனால் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து இறங்க வேண்டும். அந்த ஓர் எழுத்துக்குப் பின்னால் இருப்பது வேகம் என்று நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

சிப்செட் என்பது போர்டின் கீழ்ப்பகுதியில், ஒரு சின்ன அலுமினியத் தகட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஒற்றைச் சில்லு. ஒற்றைச் சில்லுக்கு ‘செட்’ என்ற பெயர் வந்தது பழைய கதை. 1984-ல் ஐபிஎம் கொண்டுவந்த பிசி ஏடி போன்ற கணினிகளில் ப்ராசஸரை மற்ற பாகங்களோடு இணைக்கும் வேலையைச் செய்யவே டஜன்கணக்கில் தனித்தனிச் சில்லுகள் இருந்தன. சிப்ஸ் அண்டு டெக்னாலஜிஸ் போன்ற நிறுவனங்கள் அவற்றை விரல்விட்டு எண்ணக்கூடிய சில்லுகளாகச் சுருக்கி, ஒரு தொகுதியாக விற்றன. பிறகு அது இரண்டானது. ராமையும் கிராபிக்ஸ் கார்டையும் ப்ராசஸருடன் இணைத்தது வடக்குப் பாலம்; ஹார்டு டிஸ்க், யுஎஸ்பி போன்ற நிதானமான சமாச்சாரங்களைக் கவனித்துக்கொண்டது தெற்குப் பாலம்.

அந்தக் காலத்தில் சிப்செட்டை மாற்றினால் கணினியின் வேகமே மாறும். ஒரே அத்லான் எக்ஸ்பி ப்ராசஸரை வியா சிப்செட்டில் போடுவதா, என்விடியாவின் என்ஃபோர்ஸ்2-இல் போடுவதா என்று மணிக்கணக்கில் சண்டை போட்டதற்கு அர்த்தம் இருந்தது, ஏனென்றால் ராமை இயக்கியதே சிப்செட்தான். 2003-ல் அத்லான் 64 வந்தபோது ஏஎம்டி ராம் கட்டுப்பாட்டை ப்ராசஸருக்குள் இழுத்துக்கொண்டது. இன்டெல் அதை 2008-ல் செய்தது. அடுத்த ஆண்டே கிராபிக்ஸ் கார்டுக்கான இணைப்பையும் உள்ளே கொண்டுபோனது. வடக்குப் பாலம் அத்துடன் காணாமல் போயிற்று. இன்று நாம் சிப்செட் என்று காசு கொடுத்து வாங்குவது மிஞ்சிய தெற்குப் பாலத்தைத்தான். யுஎஸ்பி, சேட்டா, நெட்வொர்க், எஸ்எஸ்டி செருகும் இரண்டாவது எம்.2 ஸ்லாட் போன்றவை அதன் பொறுப்பு. கேமின் காட்சியைக் கணக்கிடும் ப்ராசஸர், ராம், கிராபிக்ஸ் கார்டு மூன்றும் தங்களுக்குள் பேசிக்கொள்ள அந்தச் சில்லைத் தொடுவதே இல்லை.

கடைக்காரர் சொன்னதில் நிஜமான பாதி இது.

மீதிப் பாதி வேறு வகை. சிப்செட் வேகத்தைக் கொடுக்காது, ஆனால் அனுமதிக்கும் அல்லது மறுக்கும். ப்ராசஸருக்கு ஒரு திறமை இருக்கும். சிப்செட்டின் பெயரைப் பார்த்துவிட்டு அதைத் திறப்பார்கள் அல்லது பூட்டுவார்கள். 2017-ல் இன்டெலின் எட்டாம் தலைமுறை ப்ராசஸர்கள் வந்தபோது ப்ராசஸர் உட்காரும் சாக்கெட் அதே 1151-தான், பின்களின் எண்ணிக்கையும் அதேதான். ஆனாலும் இசட்170, இசட்270 போர்டு வைத்திருந்தவர்கள் இசட்370 வாங்க வேண்டியிருந்தது. மின்சாரம் தரும் பின்களின் ஒதுக்கீட்டை மாற்றியிருக்கிறோம் என்றது இன்டெல். ஆர்வலர்கள் சிலர் ப்ராசஸரின் அடியில் ஒன்றிரண்டு தொடுபுள்ளிகளை டேப் ஒட்டி மறைத்து, போர்டைத் துவக்கும் பயாஸ் நிரலைத் திருத்தி, பழைய போர்டிலேயே ஓட்டிக் காட்டினார்கள்.

எல்லாப் பூட்டும் வியாபாரத் தந்திரம் என்று சொல்லிவிடவும் முடியாது. 2019-ல் ரைசன் 3000 வரிசையோடு, கிராபிக்ஸ் கார்டும் எஸ்எஸ்டியும் ப்ராசஸரோடு பேசும் பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பின் 4.0 தலைமுறை வந்தபோது, பழைய பி450 போர்டுகள் சிலவற்றிலும் அதைப் பயாஸ் வழியாகத் திறந்துவிட்டார்கள். ஏஎம்டி பிறகு வந்த பயாஸ் வெளியீடுகளில் அதை மூடியது. இரட்டை வேகத்தில் ஓடும் சமிக்ஞை போர்டிலிருக்கும் செப்புத் தடங்களில் சிதையாமல் போய்ச்சேர வேண்டும். 3.0-க்காக வடிவமைத்த மலிவான போர்டு ஒன்றில் அது ஓடும், இன்னொன்றில் திடீரென்று திரை கறுக்கும் என்றால், பழி ஏஎம்டி தலையில்தான் விழும். இது நியாயமான காரணம். ஏ520 இன்றும் 3.0-லேயே நிற்பதன் பின்னால் இந்தச் செலவுக் கணக்கும் இருக்கிறது.

எட்டு லேன், நாலு லேன்

ஏ520-க்கும் பி550-க்கும் நடுவில் கேம் ஆடுகிறவரைத் தொடும் வித்தியாசம் இதுதான். கிராபிக்ஸ் கார்டின் ஸ்லாட் பி550-இல் 4.0, ஏ520-இலும் பி450-இலும் 3.0. ஒரு லேனில், அதாவது தரவு போகும் ஒரு தடத்தில், 3.0 ஏறக்குறைய நொடிக்கு 1 ஜிபி கடத்தும்; 4.0 அதில் இரு மடங்கு. பதினாறு லேன் கொண்ட கார்டுக்கு 3.0-லேயே 16 ஜிபி கிடைத்துவிடும், பட்ஜெட் கார்டுக்கு அதுவே தாராளம்.

வேடிக்கை என்னவென்றால், பட்ஜெட் கார்டுகளில் பலவற்றுக்குப் பதினாறு லேன் கிடையாது. ஆர்எக்ஸ் 6600, ஆர்எக்ஸ் 7600, ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்டிஎக்ஸ் 5060 எல்லாம் எட்டு லேன் கார்டுகள். ஸ்லாட்டில் உட்காரும் தங்கப் பற்கள் முழு நீளத்துக்கு இருந்தாலும் தரவு போவது பாதியில்தான். விலை குறைய வேண்டும் என்று கார்டில் லேனை வெட்டுகிறார்கள். அதே காரணத்துக்காக நாம் போர்டில் தலைமுறையை வெட்டுகிறோம். இரண்டு வெட்டும் ஒரே கணினியில் வந்து சேர்கின்றன. விலையுயர்ந்த கார்டு வாங்குகிறவர் பழைய போர்டில் போட்டாலும் தப்பித்துக்கொள்வார். மலிவான கார்டு வாங்குகிறவருக்குத்தான் போர்டின் தலைமுறை முக்கியமாகிறது.

இதன் உச்சம் 2022 ஜனவரியில் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி. நாலே லேன், 4 ஜிபி நினைவகம். அந்த 4 ஜிபி நிரம்பாதவரை பெரிய பிரச்சினை இல்லை. இன்றைய கேம்களில் டெக்ஸ்சர் தரத்தை ஒரு படி ஏற்றினால் நிரம்பிவிடும். நிரம்பியதும் மிச்சத்தைக் கணினியின் ராமில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கொண்டுவர வேண்டும். கார்டின் சொந்த நினைவகம் நொடிக்கு 144 ஜிபி கொடுக்கும், 3.0 ஸ்லாட்டின் நாலு லேன் கொடுப்பது 4 ஜிபி. அகலச் சாலையில் வந்த லாரிகள் ஒற்றையடிப் பாலத்தில் நிற்பது போல, காட்சி தடுக்கித் தடுக்கி ஓடும். பழைய 3.0 போர்டு வைத்திருந்தவர்களுக்கான மலிவு மேம்பாடாக விற்கப்பட்ட கார்டு, அந்தப் போர்டுகளில்தான் மோசமாக ஓடியது.

ஆர்எக்ஸ் 6600-க்கு நிலைமை அவ்வளவு மோசமில்லை. எட்டு லேன், 8 ஜிபி நினைவகம். 3.0-இல் போட்டாலும் 1080பி தெளிவில் பெரும்பாலான கேம்களில் இழப்பு சொற்பம்; ஆடும்போது கண்ணுக்குத் தெரியாது. ஆக அக்கா மகனின் இன்றைய கார்டுக்குக் கடைக்காரர் சொன்னது சரி. நாளைய கார்டுக்குச் சரியா என்பது வேறு கேள்வி, ஏனென்றால் மலிவு வரிசையில் எட்டு லேன் வழக்கம் மாறும் அறிகுறி எல்லா இடத்திலும் இல்லை. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி பதினாறு லேனுக்குத் திரும்பியிருக்கிறது. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060 எட்டிலேயே நிற்கிறது.

இங்கே இன்னொரு கண்ணி இருக்கிறது, இதில் விழுந்தவர்கள் ஏராளம். ரைசன் 5 5500 என்றும் ரைசன் 5 5600 என்றும் இரண்டு ப்ராசஸர்கள். பெயரைப் பார்த்தால் அண்ணன் தம்பி. உள்ளே வேறு வேறு குடும்பம். 5500-ம் 5600ஜி-யும் மடிக்கணினிச் சில்லிலிருந்து வந்தவை, அவற்றுக்கு 3.0 மட்டும்தான். 4.0 கிடைக்கும் என்று பி550 போர்டுக்குக் கூடுதலாகக் கொடுத்துவிட்டு, அதில் 5500-ஐ மாட்டினால் ஸ்லாட் 3.0-லேயே ஓடும். போர்டு அனுமதித்தும் ப்ராசஸர் மறுத்துவிட்டது. 5500 வாங்குவதென்று முடிவாகிவிட்டால் ஏ520 போதும், மீதியைக் கார்டில் போடலாம்.

இன்டெல் பக்கம் போனால் ஏணியின் படிகள் வேறு மாதிரி. எச்610-தான் அங்கே கீழ்ப்படி, ஆனால் அதன் கிராபிக்ஸ் ஸ்லாட் 4.0. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் கீழ்ப்படியான ஏ520 மறுப்பதை இது கொடுக்கிறது. எனவே ஐ3-12100எஃப், ஐ5-12400எஃப் போன்ற ப்ராசஸரோடு எட்டு லேன் கார்டு மாட்டுகிறவர் எச்610-இல் எந்தப் பயமும் இல்லாமல் உட்காரலாம். எச்610 வேறு இடத்தில் வெட்டுகிறது. ப்ராசஸரிலிருந்து நேரடியாக எம்.2 எஸ்எஸ்டிக்கு வர வேண்டிய நாலு லேன் அதில் அடைபட்டுவிடும். எஸ்எஸ்டி சிப்செட் வழியாக 3.0 வேகத்தில் ஓடும், நொடிக்கு 3.5 ஜிபி வரை. கேம் திறக்கும் நேரத்தில் இதனால் வருகிற வித்தியாசத்தை ஸ்டாப்வாட்ச் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நான் இதற்காக ஒரு ரூபாய் கூடக் கொடுக்க மாட்டேன்.

ராம் விஷயத்தில் எச்610 கொஞ்சம் கறார். ஸ்லாட் இரண்டே இரண்டு, ராமை அதன் அதிகாரபூர்வ வேகத்துக்கு மேல் ஓட்டவும் விடாது. பழைய தலைமுறையான டிடிஆர்4 ராம் போடும் போர்டாக இருந்தால் அந்த எல்லை 3200, சந்தையில் அதிகம் கிடைக்கும் ராமும் 3200-தான், எனவே கை கடிக்காது. டிடிஆர்5 எச்610-இல் 6000 வேக ராம் வாங்கிப் போட்டால் 12400எஃப் அதை 4800-இல் ஓட்டும். கொடுத்த காசு வீண். பி660, பி760 இந்தத் தடையை நீக்குகின்றன, அதுவும் முழுக்க இல்லை. 12400எஃப் போன்ற பூட்டிய ப்ராசஸர்களில் ராம் கட்டுப்பாட்டுப் பகுதிக்கான மின்னழுத்தமும் பூட்டியே இருக்கும். டிடிஆர்4-ஐ 3600-க்கு ஏற்ற முயன்றால் சிலவற்றில் ஓடும், சிலவற்றில் முரண்டு பிடிக்கும். ஒருகாலத்தில் நிலைமை இன்னும் மோசம்: 2020-ல் பி460 போர்டில் ஐ5-10400 போட்டவர்கள் என்ன ராம் வாங்கினாலும் 2666-க்கு மேல் போக முடியவில்லை. அடுத்த ஆண்டு பி560-இல் இன்டெல் அந்தப் பூட்டைத் திறந்தது. ரைசன் 5000 சந்தையில் தந்த அடிதான் திறக்க வைத்தது என்பது என் ஊகம்.

ஏஎம்டியின் கீழ்ப்படிகள் ராமில் தாராளமானவை. ஏ520-லும் சரி, புதிய ஏஎம்5 சாக்கெட்டின் ஏ620-லும் சரி, ராமின் வேகத்தை ஏற்றத் தடையில்லை. ப்ராசஸரைத்தான் ஓவர்கிளாக் செய்ய, அதாவது குறித்த வேகத்துக்கு மேல் ஓட்ட, விடாது. பட்ஜெட் கணினியில் இன்று ப்ராசஸரை ஓவர்கிளாக் செய்ய வேண்டிய தேவையே அநேகமாக இல்லை. தொழிற்சாலையிலிருந்தே உச்ச வேகத்தின் பக்கத்தில் விட்டுவிடுகிறார்கள்.

சூடு எங்கே ஏறுகிறது

சிப்செட்டோடு சேராத, ஆனால் சிப்செட்டின் எழுத்தோடு ஒட்டிக்கொண்டே வரும் ஒன்று இருக்கிறது. ப்ராசஸருக்குப் போகும் மின்சாரத்தை 12 வோல்ட்டிலிருந்து ஒன்றேகால் வோல்ட் சுமாருக்கு இறக்கிக் கொடுக்கும் விஆர்எம் சுற்று. சாக்கெட்டுக்கு இடப்பக்கமும் மேலேயும் சாம்பல் நிறச் சின்னப் பெட்டிகள் வரிசையாக நிற்கும், அவை சுருள்கள். அவற்றின் பக்கத்தில் இருக்கும் கறுப்புச் சில்லுகள்தான் சூடாகும். பி வரிசைப் போர்டுகளில் பெரும்பாலும் இவற்றின் மேல் ஒரு ஹீட்சிங்க் இருக்கும். எச்610, ஏ520 போர்டுகளில் பல மொட்டையாக இருக்கும். எச்610 என்றால் விஆர்எம் பலவீனமாகத்தான் இருக்க வேண்டும் என்று இன்டெல் எங்கும் விதிக்கவில்லை. மலிவுச் சிப்செட் வாங்குகிறவர் மலிவு ப்ராசஸர்தான் போடுவார் என்று போர்டு தயாரிப்பவர்களே கணக்குப் போட்டுக்கொள்கிறார்கள்.

அந்தக் கணக்கு ஒருநாள் தவறும். மதுரையில் நண்பர் ஒருவர் எச்610-இல் 12400எஃப் வைத்து ஒன்றரை வருடம் நன்றாக ஆடிக்கொண்டிருந்தார். பிறகு பழைய ஐ7-12700எஃப் ஒன்று நல்ல விலைக்கு வந்தது என்று வாங்கி அதே போர்டில் மாட்டினார். பயாஸ் ஏற்றுக்கொண்டது, சாக்கெட்டும் பொருந்தியது. 12400எஃப் அதிகபட்சம் 117 வாட் இழுக்கும். 12700எஃப் 180 வாட் வரை போகும். மே மாதம், மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை, கேபினட்டில் பின்பக்கம் ஒற்றை ஃபேன். ஆட ஆரம்பித்து அரை மணி நேரத்தில் பிரேம்கள் பாதியாக விழும், ஐந்து நிமிடம் விட்டால் சரியாகும், மறுபடி விழும். ப்ராசஸரின் சூட்டைப் பார்த்தால் 70 டிகிரியைத் தாண்டவில்லை, அதனால் அவர் கிராபிக்ஸ் கார்டைச் சந்தேகித்து டிரைவரை மூன்று முறை அழித்துப் போட்டிருந்தார். நான் போனபோது கேபினட்டின் பக்கவாட்டுக் கதவைக் கழற்றி, மேசை ஃபேனை நேராக அந்தச் சுருள் வரிசையின் மேல் திருப்பி வைத்தோம். ஒரு மணி நேரம் ஆடியும் பிரேம் விழவில்லை. விஆர்எம் கொதித்துப்போய் ப்ராசஸரை மெதுவாகப் போகச் சொல்லிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். இன்றுவரை அந்தக் கணினிக்குக் கதவு கிடையாது.

ஆகவே எச்610 வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி இது: இதே போர்டில் பிற்பாடு பெரிய ப்ராசஸர் போடும் எண்ணம் உண்டா? இல்லையென்றால் எச்610 வாங்கலாம். உண்டு என்றால், ஹீட்சிங்க் உள்ள பி760-க்கு இப்போதே கொடுத்துவிடுவது மலிவு. ரைசன் 5 5600-க்கு இந்தக் கவலை குறைவு. அது சாக்கெட் வழியாக இழுப்பதே 76 வாட்டுக்குள்தான். மொட்டை ஏ520-ஆல் கூடத் தாங்க முடியும்.

பயாஸ் என்னும் சின்னப் பெட்டி

போர்டை எவ்வளவு காலம் வைத்துக்கொள்ளலாம் என்பதைத் தீர்மானிப்பது சிப்செட்டா, நிறுவனத்தின் மனமா என்ற கேள்விக்கு ஏஎம்4 நல்ல பதில். 2017-ல் முதல் ரைசனோடு பரவலாகக் கடைக்கு வந்த சாக்கெட். அதே சாக்கெட்டில் நாலு தலைமுறை ப்ராசஸர்கள் வந்தன. 2020 மே மாதம் ஏஎம்டி ஒரு அறிவிப்புச் செய்தது: அடுத்து வரும் ரைசன்கள் 500 வரிசைச் சிப்செட்டுகளில் மட்டும் ஓடும், பி450-க்கும் எக்ஸ்470-க்கும் கிடையாது. காரணமாகச் சொன்னது பயாஸ் சில்லின் கொள்ளளவு. பல போர்டுகளில் அது 16 எம்பிதான். சாக்கெட்டில் பொருந்தும் ஒவ்வொரு ப்ராசஸருக்கும் அதற்குள் தனி நிரல் இருக்க வேண்டும். இத்தனை தலைமுறைக்கும் இடம் போதவில்லை.

காரணம் பொய்யில்லை. ஆனால் பி550 போர்டுகள் அப்போது கடைக்கே வந்திருக்கவில்லை. எதிர்காலத்துக்குத் தாங்கும் என்று நம்பி முந்தைய மாதம் வரை பி450 வாங்கியவர்கள் கொதித்துப் போனார்கள். இரண்டு வாரத்துக்குள் ஏஎம்டி பின்வாங்கியது. இடம் எப்படிக் கிடைத்தது? சில போர்டுகளில் பழைய ப்ராசஸர்களுக்கான ஆதரவைக் கழற்றினார்கள். சிலவற்றில் பயாஸின் படங்கள் நிறைந்த அழகான திரையைத் தூக்கிவிட்டு வெறும் எழுத்து மெனுவை வைத்தார்கள். 2022-ல் முதல் தலைமுறை ஏ320 போர்டுகளுக்குக் கூட ரைசன் 5000 ஆதரவு வந்துவிட்டது. ஐந்து வருடம் பழைய, ஏணியின் கடைசிப் படிச் சிப்செட்டில், அன்றைய நல்ல ப்ராசஸர். இடமில்லை என்றவர்கள்தான் இடத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள்.

இதில் நமக்கு நடைமுறைப் பாடம் ஒன்று உண்டு. பெட்டியில் ‘பொருந்தும்’ என்று போட்டிருப்பதற்கும், பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஓடுவதற்கும் நடுவில் பயாஸின் பதிப்பு நிற்கிறது. கடையின் அலமாரியில் இரண்டு வருடம் தூங்கிய பி450-இல் 5600-ஐ மாட்டினால் திரை வராமல் போகலாம். எச்610, பி660-இல் பதிமூன்றாம், பதினான்காம் தலைமுறை ப்ராசஸர் போட்டாலும் இதே கதை. சில போர்டுகளின் பின்புறம் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும்; பென் டிரைவில் கோப்பைப் போட்டுச் செருகி அழுத்தினால் ப்ராசஸர் இல்லாமலேயே பயாஸ் புதுப்பித்துக்கொள்ளும். மலிவுப் போர்டுகளில் பலவற்றில் அது இருக்காது. வீட்டில் இன்னொரு பழைய ப்ராசஸர் இல்லாதவர்கள், கடையிலேயே போர்டை ஓட விட்டுத் திரை வருவதைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுப்பது நல்லது.

எண்களை நம்புவதும் ஆபத்து. 2017-ல் ஏஎம்டி பி350 என்ற பெயரைப் பிடித்துக்கொண்டது. இன்டெல் பி250-இலிருந்து பி360-க்குத் தாவியது. இப்போது பி650, பி850 என்றால் ஏஎம்டி. பி660, பி760, பி860 என்றால் இன்டெல். கடையில் நாக்குப் புரண்டால் சாக்கெட்டே மாறிவிடும். பெரிய எண் சிறந்தது என்ற விதியும் இல்லை. 2018 கடைசியில் வந்த இன்டெல் பி365, பி360-ஐவிடப் பழைய 22 நானோமீட்டர் முறையில் செய்தது. தம்பியிடம் இருந்த வேகமான யுஎஸ்பி வசதி கூட அதனிடம் இல்லை. 2025-ல் வந்த ஏஎம்டி பி840-ம் அப்படித்தான்: எண்ணில் பி650-ஐவிடப் பெரியது, ஆனால் ப்ராசஸரை ஓவர்கிளாக் செய்ய விடாது, சிப்செட் லேன்கள் 3.0. பெயர்ப்பலகையை மாற்றிய ஏ620 என்று நான் அதை நினைத்துக்கொள்வேன்.

சந்தையில் இன்னொரு ரகம் சுற்றுகிறது, எச்சரிக்காமல் விட முடியவில்லை. “ஐ5 கேமிங் பிசி, பதினைந்தாயிரம்” என்ற விளம்பரங்களைத் திறந்து பார்த்தால் உள்ளே பழைய அலுவலகக் கணினியிலிருந்து கழற்றிய மூன்றாம் தலைமுறை ஐ5, புத்தம் புதிய எச்61 போர்டு. போர்டு புதிது, சிப்செட் 2011-ஐச் சேர்ந்தது. என்விஎம்இ எஸ்எஸ்டியிலிருந்து நேராகத் துவங்காது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கிடையாது; விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. வாலரண்ட் போன்ற கேம்கள் விண்டோஸ் 11-இல் டிபிஎம்மும், நம்பகமான மென்பொருளை மட்டும் துவக்க விடும் ‘செக்யூர் பூட்’ வசதியும் இருந்தால்தான் ஓடும். பேட்டில்ஃபீல்டு 6 செக்யூர் பூட் இல்லாமல் திறக்காது. இங்கே சிப்செட்டின் வயது கேமைத் திறக்க விடாமலே தடுத்துவிடுகிறது. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் கேம் ஆடுகிறவர் வாங்க வேண்டாம்.

சரி, இன்று ஒருவர் கேட்டால் என்ன சொல்வேன்? தாங்கும் காலம்தான் முக்கியம் என்றால் ஏஎம்5. அந்தச் சாக்கெட்டை 2027-க்கு அப்பாலும் தொடர்வோம் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. ரைசன் 5 7600-க்கு ஏ620 போர்டே போதும். கிராபிக்ஸ் ஸ்லாட்டும் முதல் எம்.2-ம் 4.0-லேயே கிடைக்கின்றன. ஏ520 தவறவிட்ட இடத்தை ஏ620 சரிசெய்துவிட்டது. பி650-க்கு ஏறினால் கூடுதல் எம்.2, மேலான விஆர்எம், அவ்வளவே. ஆனால் ஏஎம்5-இல் டிடிஆர்5 மட்டும்தான். 2025-இன் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போனதில் ராம் விலை தாறுமாறாக ஏறியது. போர்டில் மிச்சம் பிடித்ததை ராம் விழுங்கிவிடும் நிலை. கையில் பழைய டிடிஆர்4 ராம் இருந்தால் பி550-ம் டிடிஆர்4 வகை எச்610-ம் மறுபடி பொருளுள்ள தேர்வுகள் ஆகிவிடுகின்றன. அவை வழி முடிந்த சாக்கெட்டுகள், தெரிந்துதான் வாங்க வேண்டும்.

அக்கா மகனிடம் அவனுடைய பழைய கணினியில் இரண்டு 8 ஜிபி டிடிஆர்4 ராம்கள் இருப்பது பேச்சுவாக்கில்தான் தெரியவந்தது. இரண்டும் 3200. கொட்டேஷனில் கடைக்காரர் போட்டிருந்ததோ ஒற்றை 16 ஜிபி ராம். ஒற்றை ராம் என்றால் ஒரு சேனல்தான் வேலை செய்யும், ராமின் வேகம் பாதியாகிவிடும். ஏ520-ஆ பி550-ஆ என்று நாங்கள் அலசிக்கொண்டிருந்த நேரத்தில், உண்மையில் கேமை இழுத்துப் பிடிக்கப் போகிறது அந்த வரிதான், அதை யாரும் அடித்து எழுதவில்லை. ராம் வரியை மொத்தமாக நீக்கச் சொன்னேன். மிஞ்சிய பணத்தில் பி550 தானாகவே திரும்பி வந்தது. அடுத்த முறை அவன் வாங்கப்போவதும் எட்டு லேன் கார்டாகத்தான் இருக்கும் என்பது என் கணக்கு.

கணினி வந்த அன்று இரவு பதினோரு மணிக்கு அவனிடமிருந்து அழைப்பு. ஜிபியு-இசட் மென்பொருளில் கார்டின் இணைப்பு 1.1 என்று காட்டுகிறதாம், 4.0 என்று சொல்லித்தானே போர்டு வாங்கினோம் என்று குரல் நடுங்கியது. கார்டு சும்மா இருக்கும்போது மின்சாரம் மிச்சம் பிடிக்க இணைப்பு தானாக இறங்கிக்கொள்ளும். அந்த வரியின் பக்கத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி இருக்கும், அதை அழுத்திப் பார் என்றேன். கார்டின் ஃபேன் லேசாக இரையும் சத்தம் போனிலேயே கேட்டது. “இப்போது 4.0 மாமா” என்றான்.